வெண்திரை விரித்த மேதை மைபிரிட்ஜ்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் நாட்டில் சிறு பிள்ளையும் அறிந்த செய்தி. ஆயினும் சித்திரத்தைப் பாராட்டும் நாம் சுவரைப் பாராட்டுவதில்லை. திரைப்படத்தையும் தொலைக்காட்சியையும் நாள்தோறும் காண்கிறோம், நடிப்பவரைப் பார்க்கிறோம், பேசுபவரைக் கேட்கிறோம். அவருக்குப் பின்னால் விரிந்து கிடக்கும் வெறும் வெள்ளைத் திரையை எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அந்த வெண்திரைக்கும் அதன்மேல் விழும் ஒளிக்கும் எத்துணை ஆற்றல் உண்டு என்பதை உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டியவர்களுள் தலையாயவர் எட்வர்டு மைபிரிட்ஜ். மனிதக் கண் காண இயலாத ஓர் உண்மையை, வெள்ளைத் துணியைக் கட்டி அதன் முன்னே ஒரு குதிரையை ஓடவிட்டு அவர் வெளிப்படுத்தினார். புகழும் பழியும், உழைப்பும் ஏமாற்றமும் பின்னிக் கிடக்கும் அவர்தம் வாழ்க்கை, கலைத்துறை மாணவர்களும் அறிவியல்துறை மாணவர்களும் ஒருங்கே அறிய வேண்டிய ஒன்றாகும்.

இளமையும் கடல் கடந்த வாழ்வும்

இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றங்கரையில் கிங்ஸ்டன் என்னும் பழைய ஊர் இருக்கிறது. பண்டைச் சாக்சன் மன்னர்கள் முடிசூட்டிக் கொண்ட ஊர் அது. அவ்வூரில் 1830ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் மைபிரிட்ஜ் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் எட்வர்டு ஜேம்ஸ் மக்கரிட்ஜ். தந்தை ஜான் மக்கரிட்ஜ் தானியமும் நிலக்கரியும் விற்று வந்த வணிகர். மகனுக்கு 13 வயது நடக்கும்போதே தந்தை காலமானார். உள்ளூரில் ஒடுங்கிக் கிடக்க இளைஞரின் மனம் ஒப்பவில்லை. ஏறத்தாழ 20ஆம் வயதில் கப்பலேறி அமெரிக்கா சென்றார்.

நியூயார்க்கில் நூல் வெளியீட்டு நிறுவனமொன்றின் முகவராக அவர் பணியாற்றினார். பின்னர் 1855ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள சான் பிரான்சிஸ்கோவை அடைந்து அங்கே ஒரு புத்தகக் கடை வைத்தார். சில ஆண்டுகளுக்கு முன்புதான் கலிபோர்னியாவில் பொன் கண்டெடுக்கப்பட்டிருந்தது. திசையெல்லாம் இருந்து மக்கள் வந்து குவிந்த அந்நகரில் அவரும் வந்தேறிகளுள் ஒருவராகக் கலந்தார். மக்கரிட்ஜ் என்னும் பெயர் மைகிரிட்ஜ் ஆயிற்று. அதுவே பின்னர் மைபிரிட்ஜ் ஆயிற்று. கிங்ஸ்டனின் முடிசூட்டுக் கல்லில் பொறிக்கப்பட்டுள்ள பழைய அரசர் பெயரின் எழுத்து முறையையே தம் முதற்பெயருக்கும் பிற்காலத்தில் அவர் வரித்துக் கொண்டார்.

1860ஆம் ஆண்டு அவர் வாழ்வில் பெரும் விபத்து நேர்ந்தது. தாயகம் செல்லும் நோக்கத்துடன் அவர் தரைவழியே பயணம் செய்த குதிரை வண்டி, டெக்சாஸ் பகுதியில் கட்டுக்கடங்காமல் ஓடி மரத்தில் மோதியது. தூக்கி எறியப்பட்ட மைபிரிட்ஜுக்குத் தலையில் கடுமையான அடி. ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தது. மணமும் சுவையும் அறியும் திறன் நீங்கிற்று. நியூயார்க்கிலும் பின்னர் இங்கிலாந்திலும் நீண்ட நாள் மருத்துவம் பார்த்துக் கொண்டார். புத்தக வணிகராகக் கலிபோர்னியாவை விட்டுச் சென்றவர், சில ஆண்டுகள் கழித்து நிழற்படக் கலைஞராக அங்கே திரும்பி வந்தார்.

கதிரவன் பெயர் பூண்ட கலைஞர்

கிரேக்கர்களின் கதிரவக் கடவுளுக்கு ஹீலியோஸ் என்பது பெயர். அப்பெயரையே தம் தொழிற்பெயராகக் கொண்டு, 1867 முதல் மைபிரிட்ஜ் இயற்கைக் காட்சிகளைப் படம் எடுத்தார். பனி மூடிய மலைகளும் அருவிகளும் நிறைந்த யோசமிட்டி பள்ளத்தாக்கை அவர் எடுத்த படங்கள் பெரும் புகழ் ஈட்டின. 1868இல் அமெரிக்க அரசின் பொருட்டு அலாஸ்கா வரை சென்று படமெடுத்து வந்தார்.

அக்காலத்தில் ஒரு நிழற்படம் எடுப்பது எளிய செயல் அன்று. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் காமிராவில் பொருத்திப் படமெடுக்க வேண்டும். எடுத்தவுடனேயே இருட்டறையில் கழுவவும் வேண்டும். தகட்டின் ஒளியுணர்வும் மிகக் குறைவு. ஒரு படத்துக்குப் பல நொடிகள் கூடத் தேவைப்படும். ஆடாமல் அசையாமல் நிற்கும் மலை அதற்குப் பொருத்தம். பாய்ந்தோடும் குதிரை பொருந்துமா? இந்த வினாவோடுதான் 1872இல் ஒரு செல்வர் மைபிரிட்ஜை அழைத்தார்.

அச்செல்வர் லேலண்ட் ஸ்டான்போர்டு. கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநர். இரயில் பாதை நிறுவனமொன்றின் தலைவர். குதிரைகள் மீது தீராத காதல் கொண்டவர். ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் நிலத்தை விட்டு எழும்புகின்றனவா என்பது அந்நாளில் பெரும் வாதமாக இருந்தது. ஓவியர்களோ முன்கால்களை முன்னே நீட்டி, பின்கால்களைப் பின்னே நீட்டி, குதிரை காற்றில் மிதப்பது போல எழுதிக் குவித்திருந்தார்கள். பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821இல் தீட்டிய எப்சம் குதிரைப் பந்தய ஓவியமே அதற்குச் சான்று. உண்மை யாது? மனிதக் கண்ணால் கண்டு சொல்ல இயலாது; ஏனெனில் குதிரையின் கால் கண்ணை விட விரைவாக ஓடுகிறது. 25,000 டாலர் பந்தயம் கட்டியே ஸ்டான்போர்டு இம்முயற்சியில் இறங்கினார் என்றொரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. அதற்கு உறுதியான சான்று ஏதும் இல்லை.

அக்கம்பக்கத்துப் படுக்கை விரிப்புகள்

சாக்ரமெண்டோ நகரில் ஸ்டான்போர்டின் ஆக்சிடெண்ட் என்னும் குதிரையைக் கொண்டு முதல் முயற்சி நடந்தது. ஒளி போதவில்லை. மைபிரிட்ஜ் சிந்தித்தார். குதிரை இருக்கும் இடத்திற்கு மேலும் ஒளியைக் கொண்டுவர இயலாது. மின் விளக்குகள் புழக்கத்துக்கு வராத காலம் அது. ஆனால் குதிரைக்குப் பின்னால் இருக்கும் இடத்தை ஒளிமயமாக்கலாம் அல்லவா? லாயத்துக்கு அக்கம்பக்கத்தில் கிடைத்த வெள்ளைப் படுக்கை விரிப்புகளையெல்லாம் திரட்டிப் பின்னணியாகக் கட்டினார்கள். வெள்ளைத் துணியைக் கண்டு மிரண்ட குதிரையை மெல்ல மெல்லப் பழக்கினார்கள். 1873இல் மங்கலான படம் ஒன்று கிடைத்ததாக நாளிதழ் செய்தி வந்தது. அப்படம் இன்று நமக்குக் கிட்டவில்லை. ஆயினும் பிற்காலத்தில் உலகை வியக்க வைத்த வெண்திரையின் வித்து அந்தப் படுக்கை விரிப்புகளில்தான் ஊன்றப்பட்டது.

நீங்காத கறை

பெரியோர் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் நிறையை மட்டும் கூறிக் குறையை மறைத்துவிடுவது உண்டு. மைபிரிட்ஜின் வாழ்வில் மறைக்க இயலாத குறையொன்று இருக்கிறது. 1871இல் அவர் தம்மினும் மிக இளையவரான புளோரா என்னும் பெண்ணை மணந்தார். 1874இல் ஆண் குழந்தை பிறந்தது. தொழிலின் பொருட்டுப் பலநாள் வெளியூரில் தங்கி வந்த அவர், தம் மனைவிக்கும் ஹாரி லார்க்கின்ஸ் என்பவருக்கும் தொடர்பு இருந்ததையும், குழந்தையின் தந்தை தாம் அல்லர் என்று ஐயுற இடம் இருப்பதையும் அவ்வாண்டு அக்டோபரில் அறிந்தார். 17ஆம் நாள் கலிஸ்டோகா அருகே லார்க்கின்ஸ் தங்கியிருந்த இடத்தைத் தேடிச் சென்று, அவரைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார்.

1875 பிப்ரவரியில் நாப்பா நகரில் வழக்கு நடந்தது. தலையில் பட்ட பழைய அடியால் அவர் மனநிலை திரிந்துவிட்டது என்று அவர் தரப்பில் வாதாடப்பட்டது. விபத்துக்குப் பின் அவர் குணமே மாறிவிட்டது என்று நண்பர்களும் சாட்சி கூறினர். அறங்கூறும் நடுவர் குழுவினர் அவ்வாதத்தை ஏற்கவில்லை. எனினும் மனைவியின் பொருட்டுக் கணவன் செய்த கொலை நியாயமானதே என்று கொண்டு அவரை விடுவித்தனர். அக்காலத்து ஆண்களின் நீதி அது. இன்றைய நாம் அதனை நீதி எனக் கொள்ள இயலாது. விடுதலை பெற்ற மைபிரிட்ஜ் மத்திய அமெரிக்கா சென்றார். அவ்வாண்டு ஜூலையில் புளோரா நோயுற்று இறந்தார். குழந்தை அனாதை இல்லத்தில் சேர்க்கப்பட்டது. மைபிரிட்ஜின் கலைக்குத் தலைவணங்கும்போது, ஓர் உயிர் பறிபோனதையும் ஒரு சிறுவன் தந்தையின்றி வளர்ந்ததையும் நாம் மறத்தல் ஆகாது.

பாலோ ஆல்ட்டோவின் வெண்திரை

1877இல் மீண்டும் ஆக்சிடெண்ட் ஓடியது. மீண்டும் ஒரு படம் எடுக்கப்பட்டது. இம்முறை வெளியிட்ட படம் தூரிகையால் திருத்தப்பட்டதாக இருந்ததால், இது நிழற்படமா ஓவியமா என்று பலர் ஐயுற்றனர். அந்த ஐயம் மைபிரிட்ஜுக்கு ஒரு பாடம் ஆயிற்று. ஒற்றைப் படம் போதாது. தொடர்ச்சியாகப் பல படங்கள் வேண்டும். அவற்றைப் பலர் முன்னிலையில் எடுத்து, அங்கேயே கழுவிக் காட்டவும் வேண்டும் என்று முடிவு செய்தார். ஸ்டான்போர்டும் பொருளை வாரி வழங்கினார்.

பாலோ ஆல்ட்டோ என்னும் இடத்தில் ஸ்டான்போர்டுக்குக் குதிரைப் பண்ணை இருந்தது. பிற்காலத்தில் அவர் பெயரால் எழுந்த பல்கலைக்கழகம் அந்த நிலத்தில்தான் நிற்கிறது. அங்கே ஓட்டத் தடத்தின் ஒருபுறம் நீண்ட கொட்டகை அமைத்து 12 காமிராக்களை வரிசையாக வைத்தார்கள். இலண்டனிலிருந்து லென்சுகள் வந்தன. தடத்தின் மறுபுறம் கொட்டகைக்கு நேர் எதிரே வெண்திரை எழுந்தது. வெயிலை முழுமையாக வாங்கிக் காமிராவின் பக்கம் திருப்புமாறு அத்திரை சற்றே பின்புறம் சாய்த்து நிறுத்தப்பட்டது. அதன்மேல் 21 அங்குலத்துக்கு ஒன்றாகச் செங்குத்துக் கோடுகள் இட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் கொடுத்தார்கள். கால்கள் எவ்வளவு உயரம் எழும்புகின்றன என்று அளக்கப் படுக்கைக் கோடுகளும் இட்டார்கள். தடத்தின் மீதும் வெண்ணிறச் சுண்ணாம்புத் தூளைத் தூவினார்கள். மேலே வெயில், பின்னே வெண்திரை, கீழே வெண்தரை என முப்புறமும் ஒளி சூழ்ந்த ஓர் அரங்கம் உருவாயிற்று.

காமிராவின் வாயிலைத் திறந்து மூடும் ஷட்டர் கையால் இயக்கக் கூடியதாக இருந்தால் பயனில்லை. இரயில் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஜான் ஐசக்ஸ் மின்காந்தத்தால் இயங்கும் அமைப்பை உருவாக்கத் துணைபுரிந்தார். குதிரை இழுத்துச் செல்லும் சிறு வண்டியின் சக்கரம் தரையில் பதித்த கம்பிகளின்மேல் ஏறும்போது, ஒவ்வொரு ஷட்டராக முறையே விடுபடும். வண்டியின்றி ஓடும் குதிரைக்குத் தடத்தின் குறுக்கே நூல் கட்டப்பட்டது. குதிரையின் உடல் பட்டு நூல் அறும்போது மின்சுற்று மூடும்.

1878 ஜூன் 15ஆம் நாள் செய்தியாளர்கள் அழைக்கப்பட்டனர். ஏப் எட்ஜிங்டன் என்னும் குதிரை வண்டியை இழுத்துக்கொண்டு துள்ளுநடையில் ஓடிற்று. அரை நொடிக்குச் சற்றுக் கூடுதலான நேரம், 12 படங்கள். அடுத்துச் சாலி கார்டினர் என்னும் பெண்குதிரை நாலுகால் பாய்ச்சலில் பறந்தது. நூல்கள் அறுந்து ஷட்டர்கள் படபடவென ஒலிக்கவே அது மிரண்டு துள்ளியதில் சேணத்தின் வார் அறுந்தது. சிறிது நேரத்தில் கழுவி எடுத்த தகட்டில் அந்த அறுந்த வாரும் தெரிந்தது. இனி ஐயத்துக்கு இடம் ஏது? தூரிகையால் திருத்தியது என்று சொல்லும் வாய்கள் அடைபட்டன.

படங்கள் கூறிய உண்மை இருதிறத்தாரையும் வியப்பில் ஆழ்த்தியது. நான்கு கால்களும் ஒருங்கே நிலத்தை விட்டு எழுவது மெய்தான். ஆனால் ஓவியர்கள் எழுதியது போலக் கால்கள் நீண்டிருக்கும்போது அன்று. வயிற்றின் அடியில் நான்கும் கூடிக் குவியும்போதே குதிரை வானில் நிற்கிறது. பன்னூறு ஆண்டுகளாக ஓவியர்கள் எழுதி வந்த பாய்ச்சலை ஒரு வெள்ளைத் திரை பொய்யாக்கிவிட்டது.

ஒளியின் கணக்கு

இதில் வெண்திரையின் பங்கு யாது என்பதைச் சற்றே விளக்க வேண்டும். சாலி கார்டினர் படத்தொகுதியின் அட்டையில், ஒவ்வொரு படமும் ஒரு நொடியின் 2,000இல் ஒரு பங்கிற்கும் குறைந்த நேரத்தில் எடுக்கப்பட்டதாக அச்சிடப்பட்டது. படத்துக்குப் படம் குதிரை கடந்த தொலைவு 27 அங்குலம். இவ்வளவு குறுகிய நேரத்தில் ஈரக் கொலோடியன் தகட்டில் குதிரையின் கண்ணும் மூக்கும் பதியுமாறு ஒளி பெறுவது அரிது. மேலும் அத்தகடு நீல ஒளியையே பெரிதும் உணர வல்லது. பழுப்பும் செம்மையும் அதற்கு இருட்டு. எனவே குதிரையின் உடலை நம்பிப் படமெடுக்க முயன்றிருந்தால் தகடு வெறுமையாகவே போயிருக்கும்.

மைபிரிட்ஜ் உடலை நம்பவில்லை, பின்னணியை நம்பினார். வெயில் காயும் வெண்திரை தகட்டில் பதிந்துவிடும். குதிரை மறைத்த இடம் மட்டும் பதியாது நிற்கும். அச்சிடும்போது அந்த இடம் கருநிழலாக, குளம்பின் வளைவு வரை துல்லியமாகத் தோன்றும். அதாவது, படத்தை எழுதியது திரையின் ஒளி. குதிரை அதில் வெட்டி எடுத்த வடிவமே நாம் காண்பது. கால் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதற்கு விடை கூற உருவத்தின் விளிம்பு ஒன்றே போதும். கேள்வி எதுவோ அதற்கு ஏற்ற ஒளியைத் தேர்ந்ததில்தான் அவர்தம் மேதைமை விளங்குகிறது.

பறிபோன பெயர்

1878 அக்டோபரில் சயன்டிபிக் அமெரிக்கன் இதழ் இப்படங்களை முன்பக்கத்தில் வரைபடமாக வெளியிட்டது. 1879இல் காமிராக்கள் 24 ஆயின. அவ்வாண்டே மைபிரிட்ஜ் சூப்ராக்சிஸ்கோப் என்னும் கருவியைச் செய்தார். தம் படங்களைப் பார்த்து வரைந்த உருவங்களை ஒரு கண்ணாடி வட்டின் விளிம்பில் அமைத்து, அதைச் சுழற்றி, விளக்கொளியால் திரையில் வீழ்த்தினால் குதிரை ஓடும்! படமெடுக்க ஒரு வெண்திரை. எடுத்ததைக் காட்டவும் ஒரு வெண்திரை.

1881இல் பாரிசில் உடலியல் அறிஞர் மாரேயும், ஓவியர் மெசோனியேயும் அவருக்கு வரவேற்பு அளித்தனர். 1882 மார்ச்சில் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இங்கிலாந்தின் இளவரசர் முன்னிலையில் அவர் விரிவுரையாற்றினார். ராயல் சொசைட்டி அவரது கட்டுரையை ஏற்க முன்வந்தது. புகழின் உச்சியில் அவர் நின்ற நேரம் அது.

அந்த நேரத்தில்தான் பாஸ்டன் நகரில் ஒரு நூல் வெளியாயிற்று. ஓடும் குதிரையைப் பற்றி ஸ்டில்மன் என்னும் மருத்துவர் எழுத, ஸ்டான்போர்டின் ஆதரவில் வந்த நூல் அது. உள்ளே இருந்தவை மைபிரிட்ஜின் படங்களும் அவற்றைப் பார்த்து வரைந்த கோட்டுப் படங்களும். முகப்பிலோ அவர் பெயர் இல்லை. முன்னுரையில் அவர் கூலிக்கு அமர்த்திய கைத்திறனாளர் போலவே குறிக்கப்பட்டிருந்தார். நூலைக் கண்ட ராயல் சொசைட்டி, அவரது கட்டுரையைத் திருப்பிவிட்டது. பிறர் ஆய்வைத் தமதென்று கூறுபவரோ என்னும் ஐயம் அறிஞர் அவையில் அவர்மேல் விழுந்தது. அவர் ஸ்டான்போர்டு மீது வழக்குத் தொடுத்தார், வழக்கு தள்ளுபடியாயிற்று. குதிரைகளுக்கெல்லாம் பின்னணி அமைத்துக் கொடுத்தவரை, பொருள் கொடுத்தவர் பின்னணிக்குத் தள்ளிவிட்டார். உழைப்பு ஒருவருடையது, பணம் மற்றொருவருடையது என்னும்போது கண்டுபிடிப்பு யாருடையது என்னும் வினா அன்று எழுந்தது. ஆய்வுக்கூடங்களில் இன்றும் அது தீர்ந்தபாடில்லை.

வெண்மையிலிருந்து கருமைக்கு

மனம் தளராத மைபிரிட்ஜுக்குப் பிலடெல்பியாவில் உள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1884இல் இடம் கொடுத்தது. ஓவியர் தாமஸ் ஈக்கின்சு உள்ளிட்ட குழுவினர் பணியை மேற்பார்த்தனர். அங்கே அவர் செய்த மாற்றம் நம் கவனத்திற்குரியது. வெண்திரையால் பெரும்புகழ் பெற்றவர், பல்கலைக்கழக வளாகத்தில் நீண்ட கொட்டகையின் உட்புறத்தைக் கருப்பாக்கினார். அதன்மேல் வெள்ளை நூல்களால் 5 சென்டிமீட்டர் கட்டங்களை அமைத்தார்.

ஏன் இந்த மாற்றம்? ஈரத் தகட்டின் காலம் போய், விரைவாக ஒளியை ஏற்கும் உலர் தகடு வந்துவிட்டது. கேள்வியும் மாறிவிட்டது. கால் எங்கே இருக்கிறது என்று கேட்ட காலம் போய், நடக்கும் மனிதனின் தோளும் தசையும் எவ்வாறு அசைகின்றன என்று கேட்கும் காலம் வந்தது. அதற்கு விளிம்பு போதாது. வெயில் பட்ட உடலே பதிய வேண்டும். வெளிறிய உடலுக்குக் கரிய பின்னணியே துணை. பாரிசில் மாரேயும் 1882 முதல் கரிய பின்னணியின் முன்னேதான் வெள்ளை உடை அணிந்தவர்களை ஓடவிட்டு ஆராய்ந்து வந்தார். ஒரு காலத்தில் வெற்றி தந்த முறையையே கட்டி அழாமல், தேவை மாறியபோது நேர் எதிரானதைக் கைக்கொள்ளும் துணிவு பெரிய ஆய்வாளர்க்கே வாய்க்கும்.

அவ்வுழைப்பின் பயனாக 1887இல் அனிமல் லோகோமோஷன் என்னும் மாபெரும் தொகுதி வெளிவந்தது. 781 பெரும் படத்தாள்கள். ஏறத்தாழ 20,000 உருவங்கள். ஆணும் பெண்ணும் குழந்தையும் நடக்கிறார்கள், ஏறுகிறார்கள், நீர் இறைக்கிறார்கள். யானையும் ஒட்டகமும் பறவையும் இயங்குகின்றன. 1888இல் எடிசனையும் அவர் சந்தித்தார். அவ்வாண்டிலேயே எடிசன் அசையும் படக் கருவிக்கான முதற்குறிப்பைப் பதிவு செய்தார். 1895 டிசம்பர் 28ஆம் நாள் பாரிசில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுத் திரைப்படம் காட்டியபோது, மைபிரிட்ஜின் சுழல் வட்டு பழம்பொருளாகிவிட்டது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அவர் நடத்திய அரங்கும் மக்களை ஈர்க்கவில்லை.

இன்றைய பதிவும் அன்றைய பாடமும்

இன்று கல்லூரி விழாவையும் பாடத்தையும் கைப்பேசியிலேயே பதிவு செய்கிறோம். பேசுபவருக்குப் பின்னால் ஒரு வெள்ளை வேட்டியையோ சுண்ணாம்பு அடித்த சுவரையோ அமைத்துவிட்டால் பின்னணி வெண்மையாகிவிடும் என்று எண்ணுகிறோம். பதிவைப் பார்த்தால் சுவர் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. பேசுபவரின் நிழல் பேய் போல அதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு மூலை வெளிச்சமாகவும் மறு மூலை இருட்டாகவும் தோன்றுகிறது. துணி வெண்மையாக இருப்பது வேறு. வெண்மையாகப் பதிவது வேறு. ஒளி கொடுத்தால்தான் வெள்ளை வெள்ளையாகும் என்பதே பாலோ ஆல்ட்டோவின் பாடம்.

மைபிரிட்ஜிடம் இருந்தது ஒரே விளக்கு, அது கதிரவன். நம்மிடம் பல விளக்குகள் உண்டு. திரைக்கென்றே இருபுறமும் ஒத்த இரண்டு விளக்குகளை, ஒரே உயரத்தில், ஒரே தொலைவில் சாய்வாக வைத்தால் ஒளி சீராகப் பரவும். பேசுபவரைத் திரையை ஒட்டி நிறுத்தாமல் ஆறேழு அடி முன்னே நிறுத்தினால், அவர் நிழல் திரையில் விழாமல் தரையில் விழும். அவர் முகத்துக்குத் தனி விளக்கு வேண்டும்; அது இல்லையேல் அவரும் சாலி கார்டினர் போலக் கருநிழலாகவே நிற்பார். திரைக்கு ஒளி மிகுந்துவிட்டாலும் தீங்குதான். வெண்மை பொங்கி வந்து தலைமுடியையும் தோளின் விளிம்பையும் தின்றுவிடும். முகத்தை விடத் திரை சற்றே கூடுதலாக ஒளிர்ந்தால் போதும். அன்று மைபிரிட்ஜ் விளிம்பைப் பெற உருவத்தின் உள்விவரத்தை இழக்க வேண்டியிருந்தது. திரைக்கு ஓர் ஒளி, முகத்துக்கு ஓர் ஒளி என்று பிரிக்கக் கற்றுக்கொண்டதால் நாம் இரண்டையும் பெறுகிறோம்.

இறுதி நாள்கள்

1894இல் மைபிரிட்ஜ் இங்கிலாந்துக்குத் திரும்பினார். தம் படங்களிலிருந்து தேர்ந்தெடுத்து 1899இலும் 1901இலும் இரண்டு நூல்களை வெளியிட்டார். இம்முறை முகப்பில் பெயர் அவருடையதாகவே இருந்தது. 1904 மே 8ஆம் நாள், பிறந்த ஊரான கிங்ஸ்டனிலேயே 74ஆம் வயதில் இயற்கை எய்தினார். தம் கருவியையும் கண்ணாடி வட்டுகளையும் அவ்வூருக்கே விட்டுச் சென்றார். கிங்ஸ்டன் அருங்காட்சியகம் அவற்றைக் காத்து வருகிறது. வாழ்நாள் முழுதும் பெயரை மாற்றி மாற்றிச் செப்பனிட்ட அவருடைய கல்லறைக் கல்லில் மேபிரிட்ஜ் என்று பிழையாகப் பொறித்துவிட்டார்கள் என்பது காலத்தின் விளையாட்டு போலும்!

மாணவத் தோழர்களே! ஆய்வு செய்யப் புகும்போது பொருளை மட்டும் உற்று நோக்கினால் போதாது. அது எதன் முன்னே நிற்கிறது, எவ்வொளியில் நிற்கிறது என்பதையும் நோக்குதல் வேண்டும். வரலாற்று மாணவர்க்கு அப்பின்னணி காலச்சூழல். பொருளியல் மாணவர்க்கு மக்களின் வாழ்நிலை. அறிவியல் மாணவர்க்கு ஆய்வுக்கூடத்தின் கட்டுப்பாடுகள். அதுபோலவே, நம் ஆய்வேட்டிலும் மலரிலும் விழாவிலும் பின்னால் நின்று திரை பிடித்தவர் யார் என்பதைக் கேட்டறிந்து, அவர் பெயரைப் பிழையின்றி முகப்பிலேயே எழுதுவோமாக. மைபிரிட்ஜுக்கு 1882இல் மறுக்கப்பட்டது அந்த ஒரு வரிதான்.